விளக்குக்குப் புளி, காசுக்கு வேண்டாம்

பாக்கு நீரிணையின் இரு கரையிலும் பித்தளைக் குத்துவிளக்கு இல்லாத பூசையறை குறைவு. இரு கரையிலும் அது கறுக்கிறது. அதைத் திரும்பப் பொன்னிறமாக்கும் பொருள்களும் பெரும்பாலும் அடுப்படியிலிருந்தே வருகின்றன. கும்பகோணத்து வீட்டில் கை புளிக்குப் போகிறது. யாழ்ப்பாணத்து வீட்டில் பாதி தேசிக்காய் (எலுமிச்சை) உப்பில் தோய்கிறது. எதை எடுக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் அந்த ஊரின் மழை, மரம், கிணற்று நீர், கடை, அங்கே நடந்த போர் ஆகியவையே முடிவு செய்திருக்கின்றன. இந்த வேறுபாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் முதல் வேலை. இரண்டாவது வேலை, இரு நாட்டிலும் ஒரே மாதிரி நடக்கும் ஒரு தவற்றைச் சொல்வது. விளக்குக்குச் செய்வதையே மண்ணில் கிடைத்த பழைய காசுக்கும் செய்துவிடுகிறோம்.

கறுப்பும் களிம்பும்

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. இரண்டிலும் பெரும்பங்கு செம்பு என்பதால், கறுப்பதும் பச்சை பூப்பதும் செம்பின் குணம்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு மேற்பரப்பு முதலில் பழுப்பாகிறது, பிறகு கறுக்கிறது. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு படிகிறது. கடற்காற்றின் உப்பு சேர்ந்தால் அந்தப் பச்சை இன்னும் வேகமாக வருகிறது. வெள்ளி கறுப்பதன் கதை வேறு. அது கந்தகம் பட்டுக் கறுக்கிறது. செம்போடு களிம்பு உடன்பிறந்தது என்பதைச் சைவ சித்தாந்தம் உயிரையும் மலத்தையும் விளக்கவே எடுத்துக்கொண்டது. சிதம்பரத்திலும் நல்லூரிலும் அந்த உவமை ஒரே பொருளில்தான் கற்பிக்கப்பட்டது.

விளக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் சூட்டில் காய்ந்து, திரிக்கரியும் தூசியும் சேர்ந்து, பிசுக்காகப் படிந்துவிடும். பிசுக்கை எடுப்பது காரத்தின் வேலை, கறுப்பை எடுப்பது அமிலத்தின் வேலை. வீட்டுப் பெரியவர்களின் கைமுறை எல்லாமே இந்த இரண்டையும் முன்பின்னாக அடுக்கியதுதான். சாம்பல் காரம், புளி அமிலம். முதலில் சாம்பல் போட்டுத் தேய்த்தால் பிசுக்கு விடும். பிறகு புளி போட்டால் கறுப்பு கரையும். கடைசியில் மறுபடி ஒரு கை சாம்பலோ விபூதியோ போட்டால், இடுக்கில் ஒட்டியிருக்கும் புளிப்பு முறிந்து, மெருகும் ஏறும். பிசுக்கோடு இருக்கும் விளக்கில் நேரே புளியைப் பூசினால் புளி எண்ணெய்மேல் வழுக்கிப்போகும். எவ்வளவு தேய்த்தாலும் திட்டுத்திட்டாகவே வரும்.

மழை பிரித்த புளிப்பு

தமிழ்நாட்டில் இந்த வேலையின் அரசன் புளி. அதன் புளிப்பு டார்டாரிக் அமிலத்திலிருந்து வருகிறது. அமிலத்தின் வலிமையைவிடப் புளியின் தசைதான் விளக்குக்கு வாய்ப்பானது. கரைத்துப் பூசினால் செங்குத்தான தண்டிலும் ஒழுகாமல் ஒட்டி நிற்கும். குழம்புக்குக் கரைத்தபின் மிஞ்சும் சக்கையே போதும். புதுப் புளி வேண்டியதில்லை. அந்தச் சக்கையின் நார் தேய்க்கும் துணியாகவும் ஆகிவிடுகிறது.

யாழ்ப்பாணத்திலும் பழப்புளி உண்டு, அதைக்கொண்டு மினுக்குவோரும் உண்டு. ஆனால் கிணற்றடியில் ஒரு தேசி மரம் நிற்கும் வளவில், காய்த்துக் கொட்டும் தேசிக்காய்க்கே கை முதலில் போகும். தேசிச்சாறு நீர்போல ஓடிவிடும், தண்டில் நிற்காது. ஆகவே பிழிந்த தோலையே கைப்பிடியாக வைத்து, உப்பில் தோய்த்துத் தேய்க்கிறார்கள். உப்பு வெறும் உராய்வுக்காக மட்டும் சேர்வதில்லை. அதிலுள்ள குளோரைடு, கரைந்துவந்த செம்பைத் திரும்பப் படியவிடாமல் நீரிலேயே பிடித்து வைக்கிறது. அதனால்தான் வெறும் தேசிக்காயைவிட உப்பிட்ட தேசிக்காய் சட்டென்று வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்ப்பதும் இதேதான்.

ஈர மண்டலத்துக்குப் போனால் புளிப்பின் மரமே மாறிவிடுகிறது. இலங்கையின் தென்மேற்கில் மீன்கறிக்குப் போடும் கொறுக்காய்ப்புளியும், கேரளத்தில் மீன்கறிக்குப் போடும் குடம்புளியும் ஒரே பேரினத்து மரங்களின் காய். உலர்ந்த அதன் தோல் பொன்னும் வெள்ளியும் துலக்கவும் பயன்பட்டிருக்கிறது. அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் பிலிம்பி இரண்டு இடங்களிலும் கொல்லையில் நிற்கும். அதில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. பித்தளைக் கறுப்போடு துணியிலுள்ள துருக்கறையையும் அது எடுக்கும். இப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்துக் கைமுறை அதே நாட்டின் தென்மேற்கிலுள்ள காலியைவிட இராமநாதபுரத்துக்கு நெருக்கம்; காலியின் கைமுறை யாழ்ப்பாணத்தைவிட ஆலப்புழைக்கு நெருக்கம். இந்த விஷயத்தில் கடல் பிரித்ததைவிட மழை பிரித்ததே அதிகம்.

எந்தப் புளிப்பானாலும் நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பித்தளையை இரவு முழுவதும் புளித்தண்ணீரில் ஊறவிட்டால், காலையில் அது இளஞ்சிவப்பாக இருக்கும். துத்தநாகம் கரைந்துபோய்ச் செம்பு மட்டும் மேலே மிஞ்சியதன் அடையாளம் அது. அந்த நிறம் அழுக்கு என்று நினைத்து மறுபடி புளி போட்டால் இன்னும் சிவக்கும். சில நிமிடம் ஊறவைத்து, தேய்த்து, உடனே அலசிவிடுவதே முறை. புளியோடு இரும்பு நாரைச் சேர்ப்பதும் கூடாது. அமிலத்தில் கரைந்த செம்பு, இரும்பு இருக்கும் இடத்தில் திரும்பப் பித்தளைமேலேயே செந்நிறமாகப் படியக்கூடும்.

வயல் சாம்பலும் வளவுச் சாம்பலும்

சாம்பல் எல்லாம் ஒன்று என்று தோன்றும். அடுப்பில் என்ன எரிந்தது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறுகிறது. காவிரிப் படுகையில் நெல் அரைத்த உமி மலைபோல் கிடைக்கும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே அது தேய்க்கும் சாம்பல். நன்றாகச் சலித்தால் மெருகு தரும், சலிக்காவிட்டால் கீறும். வரட்டி எரித்த சாம்பல் அதைவிட மெதுவானது. நன்றாக வெந்து வெளுத்த அதன் நுண்பொடியே விபூதி. வெள்ளிப் பாத்திரத்தை விபூதியால் துடைக்கும் வழக்கத்துக்கு இந்த நுண்மைதான் காரணம். செங்கற்பொடி இவை எல்லாவற்றிலும் முரடு. அண்டாவின் அடிக்கரிக்கு அது பொருந்தும், வேலைப்பாடுள்ள விளக்குக்குப் பொருந்தாது.

யாழ்ப்பாண அடுப்பில் எரிந்தவை பெரும்பாலும் தென்னையும் பனையும் தந்தவை: பொச்சு (தேங்காய் மட்டை), சிரட்டை, பன்னாடை, ஊமல், காய்ந்த மட்டை. தென்னம்பொச்சுச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. நீர்பட்டால் அது நல்ல காரமாகி எண்ணெயை வழலையாக்கி இறக்கிவிடும். ஆகவே அது கழுவும் சாம்பல். உமிச்சாம்பலால் தேய்ப்பவர் கையால் அழுத்தவேண்டும். பொச்சுச் சாம்பலால் கழுவுபவர் சற்று ஊறவிட்டாலே போதும். தேய்க்கும் நாரிலும் இதே வேறுபாடு. வயற்காட்டில் வைக்கோல் சுருணை, வளவில் தும்பு.

பாத்திரங்களின் வடிவமும் கையின் வேலையைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணத்தின் பெருமைக்குரிய பித்தளைப் பொருள் மூக்குப்பேணி. உதடு படாமல் அண்ணாந்து குடிக்க வசதியாக ஒரு பக்கம் மூக்கு வைத்த பேணி அது. வெளியே எளிதில் மினுங்கும். ஆனால் மூக்கின் உட்புறத்தில் தேயிலைக் கறையும் களிம்பும் ஒளிந்திருக்கும். ஈர்க்கில் தும்பைச் சுற்றி உள்ளே விட்டுத்தான் அதை எடுக்கவேண்டும். கும்பகோணத்து டபராவும் டம்ளரும் வாயகன்றவை. கை முழுதாக உள்ளே போகும். ஆனால் டம்ளரின் மடித்த விளிம்பின் அடியில் காப்பிக்கறை தங்கும். இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கைதான். புளிப்பு எதையும் இவற்றில் ஊற்றி வைக்கக் கூடாது. பித்தளையில் புளித்த மோரோ ரசமோ நின்றால் செம்பு கரைந்து உணவில் சேரும். குமட்டலும் வாந்தியும் வரும். தமிழ்நாட்டில் சமையல் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசி வந்தது இதற்காகத்தான். பூச்சு உள்ள பக்கத்தைச் செங்கற்பொடியால் தேய்ப்பவர் அந்தக் காவலைத் தானே சுரண்டி எறிகிறார்.

நீர், நாள், கடை

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் மேல் இருக்கிறது. கிணற்று நீர் கடினம்; பல ஊர்களில் உவரும்கூட. எவ்வளவு அழகாக மினுக்கினாலும், கழுவிய விளக்கைத் தானே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழுந்துவிடும். ஆகவே அங்கே பழைய வேட்டித் துண்டால் உடனே ஒற்றி எடுப்பது மினுக்குதலின் பாதி வேலை. கல்லுப் படிந்த குடத்துக்கு உள்ளே தேசிச்சாறு விட்டுச் சுழற்றுவதும் அந்த நீருக்கேற்ற மருந்து. சுண்ணப் படிவை அமிலம் கரைத்துவிடும். காவிரி வாய்க்கால் நீரில் கழுவியவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. கடற்கரை ஊர்களில் இரு நாடும் ஒன்றே. பருத்தித்துறையிலும் நாகப்பட்டினத்திலும், உள்நாட்டு ஊர் விளக்கைவிட வேகமாக விளக்கு மங்கும்.

நாள் பார்ப்பதில் தமிழ்நாட்டு வீடுகள் பல இன்றும் கண்டிப்பானவை. வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் விளக்கு துலக்குவதில்லை. வியாழன் மாலையே துலக்கி, துடைத்து, பொட்டு வைத்து வெள்ளிக்குத் தயாராக்குவார்கள். வாராவாரம் துலக்குவதால் கறுப்பு தடிப்பதே இல்லை. சக்கையும் சாம்பலும் போதுமானதாக இருப்பதற்கு இந்த ஒழுங்குதான் காரணம். ஈழத்தில் வெள்ளிக்கிழமை விளக்கோடு இன்னொரு விளக்கும் உண்டு. பள்ளிக்கூடம், சனசமூக நிலையம், வாசிகசாலை என்று ஊர்ப்பொது இடங்களில் நிற்கும் குத்துவிளக்கு அது. நிறைகுடமும் மங்கல விளக்கும் வைக்காமல் அங்கே ஒரு கூட்டம் தொடங்குவது அரிது. அந்த விளக்கை நிகழ்ச்சிக்கு முதல்நாள் மாணவரோ இளைஞரோ சேர்ந்து மினுக்குவார்கள். மாதக்கணக்கில் அலமாரியில் நின்று தடித்த கறுப்பு என்பதால் அங்கே பிராசோ என்ற மெருகுத் திரவத்தின் போத்தல் திறக்கப்படும். கண்டிக்கு அருகிலுள்ள பிலிமத்தலாவையில் வார்க்கும் சேவல் வைத்த விளக்குக்கும், நாச்சியார்கோயிலில் வார்க்கும் அன்னம் வைத்த விளக்குக்கும் நாட்டுக்கு நாடு பறவை வேறு. இறகு இடுக்கில் தங்கும் பச்சை ஒன்றே.

கடைப்பொடி வந்தபின் தமிழ்நாட்டில் சபீனாவும் பிறகு பீதாம்பரியும் சாம்பல் சட்டியின் இடத்தைப் பிடித்தன. விறகடுப்பு போய் எரிவாயு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் இந்த மாற்றம் நேர்க்கோட்டில் நடக்கவில்லை. 1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சவர்க்காரமே அரிதாகி, மக்கள் பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்தார்கள். விம்முக்கும் பிராசோவுக்கும் பழகிய வீடுகள் மறுபடி பொச்சுச் சாம்பலுக்கும் பழப்புளிக்கும் திரும்பின. தமிழ்நாட்டில் பாட்டியோடு போய்விட்ட கைமுறை, யாழ்ப்பாணத்தில் தடைக்காலப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது. அது ஏக்கத்தோடு போற்றவேண்டிய காலம் இல்லை, துன்பத்தின் காலம். ஆனால் அந்தத் துன்பத்தினூடே ஓர் அறிவு தப்பி வந்தது என்பதும் உண்மை. 1995 அக்டோபர் இறுதியில், போரில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, குத்துவிளக்கையும் கிடாரத்தையும் யாரும் சுமந்துபோக முடியவில்லை. திரும்பி வந்தபோது விளக்கு எஞ்சியிருந்த வீடுகளில், வருடக்கணக்கான கறுப்பையும் பச்சையையும் எடுக்கவேண்டியிருந்தது.

எழுத்து தேயும் இடம்

இங்கேதான் ஒரு கணம் நிற்கவேண்டும். பழைய கோயில் விளக்கைக் கவனித்துப் பாருங்கள். அடித்தட்டிலோ தண்டிலோ உபயகாரரின் பெயர், ஊர், ஆண்டு வெட்டியிருக்கும். தலைமுறை தலைமுறையாகச் செங்கற்பொடியும் மணலும் போட்டுத் தேய்த்த விளக்குகளில் அந்த எழுத்து விரலுக்குத் தட்டுப்படாத அளவு மழுங்கிவிட்டது. துலக்குதல் என்பது ஒவ்வொரு முறையும் உலோகத்தில் ஓர் இழையை எடுப்பது. விளக்கு அந்த இழப்பைத் தாங்கும்; அது எரிவதற்காகச் செய்யப்பட்டது, தடித்த வார்ப்பு. காசு தாங்காது.

யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளின் செப்புக்காசில் நந்தியும் ‘சேது’ என்ற தமிழ் எழுத்தும் இருக்கும். அந்தக் காசுகள் வட இலங்கையிலும் இராமநாதபுரக் கரையிலும் கிடைக்கின்றன. இராசராசன் வெளியிட்ட, ஒரு பக்கம் நின்ற உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்ட காசின் வடிவத்தையே பின்னர் பராக்கிரமபாகு முதலிய பொலன்னறுவை மன்னர்களும் கைக்கொண்டார்கள். ஒல்லாந்துக் கம்பெனியின் செப்புக்காசு நாகப்பட்டினத்திலும் அச்சானது, யாழ்ப்பாணத்திலும் அச்சானது. கரூர் அமராவதி ஆற்று மணலிலும், யாழ்ப்பாணத்துக் கந்தரோடை மண்ணிலும் உரோமக் காசு கிடைத்திருக்கிறது. இரு கரையின் வரலாறு ஒன்றையொன்று தொட்ட இடங்களுக்கு இந்தச் சிறு செம்புத் துண்டுகளைவிட நேரான சாட்சி குறைவு.

மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த செப்புக்காசில் உலோகத்தின் மேற்படலம் முழுவதுமே களிம்பாக மாறியிருக்கும். மன்னன் வெட்டிய எழுத்தும் உருவமும் பல வேளை அந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கின்றன. அடியிலுள்ள உலோகத்தில் இல்லை. அதைப் புளியில் போட்டால் படலம் கரைகிறது, எழுத்தும் கூடவே கரைகிறது. வெளியே வருவது குழிகுழியான ஒரு செந்நிறத் தகடு. பார்க்கப் பளபளப்பாக இருக்கும். யாருடையது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ‘பெருவழுதி’ என்ற பெயர் பொறித்த சங்ககாலச் செப்புக்காசை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்தறிந்து வெளியிட்டதும், வட இலங்கைக் காசுகளைப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் ஆராய்ந்து எழுதியதும் எழுத்து பிழைத்திருந்த காசுகளை வைத்துத்தான். சில எழுத்துகள் அழிந்தால் ஒரு மன்னன் பெயர் அழிகிறது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளின் களிம்பு நோயைத் தீர்க்கவென்று 1930இல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது, எஸ். பரமசிவன் அதை வளர்த்தார். அடுப்படி அமிலத்தால் ஆகாத வேலை என்பதால்தான் அப்படியொரு கூடம் வேண்டியிருந்தது. உப்பு மண்ணில் கிடந்த செம்பில் குளோரைடு உள்ளே புகுந்திருக்கும். ஈரம் படும்போதெல்லாம் அது மீண்டும் மீண்டும் அமிலத்தை உண்டாக்கிப் பொருளை உள்ளிருந்தே தின்னும். வெளிர்பச்சையாய், தொட்டால் உதிரும் பொடி தெரிந்தால் அது அந்த நோய். அதற்கு உப்பிட்ட தேசிக்காயைப் போடுவது நோய்க்கே உணவிடுவதாகும்.

பழங்காசு கையில் வந்தால் வீட்டில் செய்யத்தக்கது கொஞ்சம்தான். தொடுவதற்குமுன் இரு பக்கமும் படம் எடுக்கவேண்டும். கிடைத்த இடத்தைக் குறித்து வைக்கவேண்டும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மூங்கில் குச்சி முனையால் மெதுவாக எடுக்கலாம். நன்றாக உலர்த்திக் காகித உறையில் வைக்கலாம். பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் அது அமிலம் கசிந்து காசில் பச்சைப் பிசுபிசுப்பை உண்டாக்கும். பற்பசை, சோடா, குளிர்பானம், புளி எதுவும் வேண்டாம்.

அண்மைக் காலத்துக் காசுகளுக்கும் யோசனை வேண்டும். ஓட்டைக் காலணாவும் இலங்கையின் சதுர ஐந்து சதமும் முழு உலோகம். ஆனாலும் துலக்கிய காசைச் சேகரிப்பாளர் விரும்பமாட்டார். 2005இல் இலங்கை வெளியிட்ட ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் காசுகள் உருக்கின்மேல் பித்தளை முலாம் பூசியவை. புளிப்பில் முலாம் போனால் அடியில் துருதான் வரும்.

சட்டமும் இரு நாட்டில் இரு வகை. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பழம்பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியரிடம் அறிவிக்கவேண்டும். இலங்கையில் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அதே பொறுப்பை வேறு விதமாக விதிக்கிறது. ஆனால் எந்தச் சட்டமும் காசு கிடைத்த முதல் மணி நேரத்தில் அந்த வீட்டில் இருப்பதில்லை. அப்போது அங்கே இருப்பது புளிச்சட்டியும், “தேய்த்துப் பார்ப்போமே” என்ற நல்ல எண்ணமும்தான். ஆகவே பள்ளிக்கூடத்தில் மங்கல விளக்கை மினுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், அதே நாளில் இதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விளக்கை எவ்வளவு வேண்டுமானாலும் துலக்குங்கள். முரட்டுப் பொடியை மட்டும் தவிருங்கள். காசைக் கிடைத்த கோலத்திலேயே கொண்டுவாருங்கள். கும்பகோணத்திலும் யாழ்ப்பாணத்திலும் இந்த இரண்டு பழக்கமும் ஒருசேரப் படிந்துவிட்டால், இனி கிடைக்கப்போகும் சேதுக் காசுகளில் எழுத்து மிஞ்சும்.